குளித்தவரும் கொண்டவரும்

1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு ஒரு கடிதம் எழுதப்படுகிறது. எழுதியவர் புனித பிரான்சிஸ் சவேரியார். யாருக்கு என்றால், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்கு. இந்த மண்ணில் விளைச்சல் இல்லை, கொடிய ஏழ்மை, அதனால் போர்ச்சுகீசியர் யாரும் இந்த ஊர்களில் குடியிருப்பதில்லை என்கிறார் அதில். அரண்மனைகளுக்கு முத்து அனுப்பிக்கொண்டிருந்த கரையைப் பற்றிய பேச்சு இது.

கீழவைப்பாரில் நின்று பார்த்தால் அவர் சொன்னது இன்றும் விளங்கும். மேற்கு மலையில் பிறந்து சாத்தூர் தாண்டி வரும் வைப்பாறு இங்கேதான் கடலில் சேர்கிறது. ஆறு என்று பெயர். மழை இல்லாத மாதங்களில் வெறும் மணல். உள்பக்கம் உப்பளமும் உடைமரமும் பனையும். பக்கத்து ஊர் சிப்பிகுளம். அன்றாடச் சோறு கடலிலிருந்துதான் வரவேண்டும். இப்படிப்பட்ட ஊர்களின் கோயில்களில்தான் தவக்காலம் தோறும், மண்ணில் சேர்க்காதே, விண்ணில் சேர்த்து வை என்று பிரசங்கம் நடக்கிறது. சேர்த்து வைக்க ஒன்றும் இல்லாதவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கரைக்குக் கிறிஸ்தவம் வந்ததே பொருளை முன்னிட்டுத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பான சண்டையில் நசுங்கிய பரதவர்கள், 1530களில் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். விலையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. உயிர் பிழைக்கச் செய்த ஒப்பந்தம் விசுவாசமாக ஆனது பிறகுதான்.

சவேரியார் இந்த மக்களுக்குச் செல்லம் கொடுத்தவர் இல்லை. சாராயம் குடித்துப் பிடிபட்ட பெண்களுக்கு மூன்று நாள் சிறை என்று ஆணையிட்டவர். ஆனால் பொருளாசையைப் பற்றிய அவருடைய கோபம் முழுவதும் எதிர்ப்பக்கம் திரும்பியது. இந்தியாவுக்கு வரும் போர்ச்சுகீசிய அதிகாரிகள் கொள்ளையடித்தல் என்ற ஒரே வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் உருமாற்றி உருமாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து நண்பருக்குக் கேலியாக எழுதினார். தூத்துக்குடியில் இருந்த தளபதி கோஸ்மே தெ பைவா, குதிரை வியாபாரத்தில் குறியாக இருந்துகொண்டு மக்களைக் கைவிட்டார் என்று அவருக்கு ஆறாத கோபம். அதே பைவா 1544-இல் தாக்கப்பட்டுத் தவித்தபோது, உடனே படகில் தண்ணீரும் உணவும் கொண்டுபோகச் சொன்னவரும் இவர்தான்.

1548-இல் இன்னும் மேலே போகிறார். உலகத்தையே சம்பாதித்தும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்ற இயேசுவின் கேள்வி நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கேள்வியின் பொருள் தனக்கு விளங்க வேண்டும் என்று தினமும் கால்மணி நேரம் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜான் மன்றாடினால் நல்லது என்று எழுதுகிறார். குப்பத்து மீனவருக்கு அவர் இந்தத் தியானத்தைக் கொடுக்கவில்லை. சிம்மாசனத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார்.

போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையின் வரியிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுங்கள், மோட்சத்துக்கு ஏற இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களுக்குக் கிடைக்காது என்று அரசியிடம் கேட்டு வாங்கினார். ஆன்மிகச் செல்வம் என்று நாம் பேசுவதில் எனக்கு மிகவும் பிடித்த வரவு செலவு இது. கடலடியில் மூச்சடக்கிய பணம் லிஸ்பனுக்குப் போகாமல் ஊர்ப்பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கத் திரும்பியது.

பரதவர்களும் பணத்தை வேறு மாதிரியாகச் செலவழிக்கத் தெரிந்தவர்கள். சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்தினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். அவருடைய தமிழ் அச்சுப்பணிக்கு இந்த மக்களின் காணிக்கை துணைநின்றது. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்து, கோயில்களைப் பறித்து, தங்கள் மதத்துக்கு அழைத்தார்கள். முத்துக் கடலும் வியாபாரமும் அவர்கள் கையில். சேர்ந்திருந்தால் லாபம், சேரவில்லை. பாட்டன்மார் ஆதாயத்துக்காக எடுத்த மதத்தைப் பேரப்பிள்ளைகள் நஷ்டத்தில் காப்பாற்றினார்கள்.

1806-இல் பரதவர்களின் ஜாதித் தலைவர் கபிரியேல் வாஸ் கோமஸ் தூத்துக்குடி பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து ஓடவிட்டார். பட்டினி கிடக்கும் கரையில் தங்கத் தேர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 2023 ஆகஸ்ட் 5-இல் தேர் ஓடியபோது வடம் பிடிக்கத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை வீண்செலவு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள். தங்கம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இல்லை, தெருவில் இருக்கிறது. எனக்கு இந்த வாதத்தில் பாதி சம்மதம்தான்.

மத்தேயு நற்செய்தியில் விலையுயர்ந்த ஒரு முத்துக்காகச் சொத்தையெல்லாம் விற்ற வியாபாரியின் உவமை வருகிறது. முத்தை எடுத்தவனைப் பற்றி அதில் பேச்சில்லை. இங்கே அவனைத் தெரியும். காலில் கல்லைக் கட்டி எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி பொறுக்கியவன். வெள்ளையர் காலச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அவன் கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு அவனுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் அதிர்ஷ்டம். 1955 தொடங்கி 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். 1973-இல் வைப்பாருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் முத்து வளர்த்துக் காட்டியது. அந்த வித்தை குளிகாரர்களின் பிழைப்பை மாற்றவில்லை.

கோயிலும் பங்கு வாங்கியிருக்கிறது. தென்கரை ஊர்களில் சுறாவின் துவி, அதாவது துடுப்பு, கோயிலுக்கு என்று இருந்த வழக்கம் ‘துவிக் குத்தகை’ ஆனது. இடிந்தகரையில் அது சண்டையாக முற்றி, சில குடும்பங்கள் கத்தோலிக்கத்தை விட்டே போய்விட்டன. விண்ணில் சேர்க்கச் சொல்பவர் மண்ணில் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்கும் உரிமை கடலுக்குப் போகிறவருக்கு உண்டு.

இப்போது பல கடற்கரை ஊர்களில் வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். கடன் தீரும்வரை மீனும் நண்டும் அவருக்கே. விலையும் அவர் சொல்வதே. அந்தக் கடனில் இருக்கிற படகுக்காரச் சம்மாட்டியைப் பார்த்துப் பொருளாசை கூடாது என்று சொல்வதில் அர்த்தமில்லை. சவேரியார் இருந்திருந்தால் கடிதம் வியாபாரிக்குத்தான் போயிருக்கும். அவரும் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்தான்.