டிஜிட்டல் இணைப்பகத்தில் பேச்சு இடம் மாறும் விதம்

1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்ட, 128 முனைகள் கொண்ட சிறிய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகம், 1984இல் தொடங்கப்பெற்ற சி-டாட் என்னும் மத்திய அரசின் ஆய்வு மையத்தில் உருவானது. குளிரூட்டிய அறை கிடைக்காத, தூசியும் வெப்பமும் மிகுந்த சிற்றூர்களிலும் தடையின்றி இயங்க வேண்டும் என்று கருதியே அது வடிவமைக்கப்பட்டது. கையடக்கப் பேசியின் வரவுக்குப்பின் அத்தகைய கருவிகள் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டன என்றாலும், அவற்றின் உள்ளே நிகழ்ந்த வேலையை அறிந்துகொள்வது இன்றும் பயன் தருவதாகும்.

பழைய ஸ்ட்ரோஜர், கிராஸ்பார் வகை இணைப்பகங்களில் உரையாடல் முடியும்வரை உலோகத் தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டு நின்றாக வேண்டும். டிஜிட்டல் இணைப்பகத்தில் அவ்வாறு தொட்டு நிற்பது எதுவுமில்லை. குரலின் மின்னலை விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட் கொண்ட எண்ணாக மாற்றப்படுகிறது. அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள 125 மைக்ரோ விநாடியை 32 காலத்துண்டுகளாகப் பகுத்து, 30 பேரின் குரல்களை ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவர். எஞ்சிய இரண்டில் ஒன்று வரிசையின் தொடக்கத்தைக் காட்டவும், மற்றொன்று சமிக்ஞைக்கும் ஒதுக்கப்படும்.

இணைப்பு உண்டாகும் விதமே இக்கருவியின் விந்தை. 5ஆம் காலத்துண்டில் வரும் ஒருவரின் குரல், 20ஆம் துண்டுக்கு உரியவரைச் சேர வேண்டுமெனில், 20ஆம் துண்டின் முறை வரும்வரை அதை எங்காவது நிறுத்திவைத்தாக வேண்டும். இதற்கெனப் பேச்சு நினைவகம், கட்டுப்பாட்டு நினைவகம் என இரண்டு உள்ளன. கோயில் வாசலில் செருப்புகளை வந்த வரிசையில் அடுக்கிவைத்து, திரும்புவோர் நீட்டும் டோக்கனைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது போல, பேச்சு நினைவகம் குரல் எண்களை வந்த வரிசையில் எழுதிக்கொள்கிறது. எந்த அறையை எப்போது படித்து அனுப்புவது என்பதைக் கட்டுப்பாட்டு நினைவகம் சொல்கிறது. அதன் 20ஆம் இடத்தில் 5 என்றும், 5ஆம் இடத்தில் 20 என்றும் எழுதப்பட்டுவிட்டால் இருவரும் பேசலாம். அவ்விரண்டு எண்களும் அழிக்கப்பட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஒவ்வொரு குரல் எண்ணும் காத்திருப்பது 125 மைக்ரோ விநாடிக்கும் குறைவே என்பதால் காதுக்கு எதுவும் புலப்படுவதில்லை. பல தடங்கள் வந்து கூடும் பெரிய இணைப்பகங்களில், ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாற்றிவிடும் இடமாற்றப் பகுதியொன்று, இத்தகைய இரண்டு காலமாற்றப் பகுதிகளுக்கு நடுவே வைக்கப்படுகிறது.

எழுத வேண்டிய எண்களை இணைப்பகம் அறிவது சமிக்ஞையால். ரிசீவரை எடுத்தவுடன் 48 வோல்ட் மின்கலத்திலிருந்து இணைப்பில் மின்னோட்டம் பாய்வதைக் கண்டு, அது டயல் டோன் தருகிறது. அழைக்கப்படும் எண் வேற்றூரைச் சேர்ந்ததாயின், இரண்டு இணைப்பகங்களும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அழைப்பவர் கேட்கும் மணியோசை, மறுமுனைத் தொலைபேசியில் அடிக்கும் மணியின் ஒலி அன்று. மறுமுனை இணைப்பகம் தனியே உண்டாக்கி அனுப்பும் ஒலியே அது. மறுமுனை பேச்சில் இருந்தால், அச்செய்தி மட்டும் திரும்பி வர, ‘பிஸி’ ஒலியை அழைப்பவரின் சொந்த ஊர் இணைப்பகமே ஒலிக்கச் செய்ய முடியும். நெடுந்தொலைவுத் தடம் வீணே அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

முன்பு இச்சமிக்ஞைகள் குரல் செல்லும் தடத்திலேயே சென்றன. அமெரிக்காவில் 2,600 ஹெர்ட்ஸ் ஒலி, தடம் காலியாக உள்ளது என்பதற்கு அடையாளமாக இருந்ததால், தானிய உணவுப் பெட்டியில் இலவசமாக வந்த விசிலை ஊதியே சிலர் இணைப்பகத்தை ஏமாற்றிக் கட்டணமின்றிப் பேசினர். சமிக்ஞைகளைக் குரலிலிருந்து பிரித்துத் தனித்தடத்தில் அனுப்பும் ஏழாம் எண் சமிக்ஞை முறை 1980இல் பன்னாட்டுத் தரமாக வகுக்கப்பட்டபின், அத்தகைய ஏமாற்றுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆனால் அரசுத் துறைகளும் ஒருசில பெரு நிறுவனங்களும் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் வகுக்கப்பட்ட அம்முறை, செய்தி அனுப்புபவர் உண்மையானவர்தானா என்று கேட்பதே இல்லை. சந்தாதாரர் இருக்கும் இடத்தை அறியவும் அவருடைய குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பவும் இதனால் இயலும் என்பதை, 2014இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கூடிய கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். 2017இல் அந்நாட்டிலேயே வங்கியின் குறுஞ்செய்திக் கடவு எண்கள் இவ்வழியே திருடப்பட்டு, வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணம் பறிக்கப்பட்டது. அதன் பின்னரும் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் மட்டுமே அனுப்பும் வழக்கத்தைத் தொடர்வது, அறிந்தே செய்யும் அலட்சியம். செயலி வழியாகக் கடவு எண் பெறும் வசதியை வங்கி அளித்திருக்குமானால், வாடிக்கையாளர்கள் அதற்கு மாறிக்கொள்வது நல்லது.