தெருப்பந்து ஆடிய ஈரான் ஆசியாவின் ராஜா ஆன கதை; புட்சாலில் இந்தியா கால் வைக்கவே 24 வருஷம்!

சங்கரன்கோவில்:-

தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் சாயங்காலம் ஆனால் பையன்கள் கூட்டம் கூடி விடும். இரண்டு செங்கல் அல்லது இரண்டு ஜோடி செருப்பு. அதுதான் கோல். பெட்டிக்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்து. பக்கத்துக்கு நாலு பேர், அஞ்சு பேர். பந்து சாக்கடையில் விழுந்தால் ஆட்டம் நிற்கும். யார் எடுப்பது என்று சண்டை வரும்.

இதே ஆட்டத்தைத்தான் ஈரான் நாட்டு பையன்களும் சந்து பொந்துகளில் ஆடினார்கள். அங்கே அதற்கு ‘கோல் கூச்சிக்’ என்று பேர். சின்ன கோல் என்று அர்த்தம். பிளாஸ்டிக் பந்து லேசாக பறந்து விடும் அல்லவா? அதற்கு அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பந்தை அறுத்து இன்னொரு பந்தின் மேல் சட்டை போல மாட்டினார்கள். இரண்டு அடுக்கு பந்து. கனமாக தரையோடு ஓடும்.

அந்த சந்தில் ஆடிப் பழகிய நாடு இன்று புட்சாலில் ஆசியாவின் ராஜா. ஆசிய நாடுகளுக்கான புட்சால் போட்டி 1999 முதல் 2024 வரை 17 முறை நடந்துள்ளது. அதில் 13 முறை கோப்பையை தூக்கியது ஈரான். மீதி நாலும் ஜப்பானுக்கு. வேறு எந்த நாடும் அதுவரை கோப்பையை தொட்டதில்லை.

நம்ம நாடு? அந்தப் போட்டியின் தகுதிச்சுற்றுக்கு முதன் முதலாக அணி அனுப்பியதே 2023-ல்தான்.

அது என்ன புட்சால்?

கூரைக்கு கீழே, கெட்டித் தரையில் ஆடும் குட்டி கால்பந்து. கோல்கீப்பரோடு சேர்த்து பக்கத்துக்கு 5 பேர். மைதானம் 40 மீட்டருக்கு 20 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பந்து கொஞ்சம் சிறியது, அதிகம் துள்ளாது.

1930-ல் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் மான்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் இதை உருவாக்கினார். ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்துக்கு உள்ளேயே பிள்ளைகள் கால்பந்து ஆட வழி தேடியபோது பிறந்த ஆட்டம் இது.

ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து வெளியே போனால் கடிகாரத்தையே நிறுத்தி விடுவார்கள். அதனால் படுத்துக் கொண்டு நேரம் கடத்தும் ஜோலி செல்லாது. ஆப்-சைடு கிடையாது. ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே போன பந்தை கோட்டில் வைத்து 4 விநாடிக்குள் உதைக்க வேண்டும். ஒரு பாதியில் ஒரு அணி 5 பவுலை தாண்டினால் வந்தது வினை. 6-வது பவுலில் இருந்து எதிரணிக்கு நேரடி உதை. குறுக்கே சுவர் போல ஆள் நிற்க முடியாது.

இப்போது ஊர் ஊராக முளைத்திருக்கும் டர்ப் மைதானத்தில் ஆடுவது இது இல்லை. அங்கே செயற்கை புல், சுற்றிலும் வலை. வலையில் மோதி பந்து திரும்பி வரும். புட்சாலில் கோட்டை தாண்டினால் தாண்டியதுதான்.

9 கோலில் ஆரம்பம்

முதல் ஆசிய போட்டி 1999-ல் மலேசியாவின் கோலாலம்பூரில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 9-1 என்று ஈரான் பந்தாடியது. 2001-ல் உஸ்பெகிஸ்தானுக்கு 9-0. அப்படியே 2005 வரை தொடர்ந்து 7 கோப்பை.

அந்த காலத்து ஈரான் அணியின் துருப்புச்சீட்டு வாகித் ஷம்சாயி. சர்வதேச ஆட்டங்களில் அவர் அடித்தது 392 கோல்! எழுத்துப்பிழை இல்லைங்க, நிஜக் கணக்குதான்.

2006-ல் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில்தான் ஈரானுக்கு முதல் அடி விழுந்தது. அரை இறுதியில் ஜப்பான் 5-1 என்று சாய்த்து, கோப்பையையும் தட்டிச் சென்றது. 2008 வரை வருஷா வருஷம் நடந்த போட்டி, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று ஆனது. 2012, 2014 இரண்டிலும் ஜப்பான்.

ஆனால் 2016-ல் அதே ஜப்பான் கால் இறுதியில் வியட்நாமிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் மண்ணைக் கவ்வியது. அந்த வருஷ உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை. வியட்நாம் முதல் தடவையாக போனது.

2020-ல் துர்க்மெனிஸ்தானில் நடக்க இருந்த போட்டியை கொரோனா விழுங்கியது. 2022-ல் குவைத்தில் ஜப்பான் 3-2 என்று ஈரானை வென்றது. 2024-ல் பாங்காக்கில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 4-1 என்று ஈரான் வீழ்த்தியது. அப்போது ஈரானுக்கு பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே 392 கோல் ஷம்சாயி.

பாஸ்போர்ட்டுக்கு தடை போட்ட கணவர்

பெண்களுக்கான ஆசிய போட்டி 2015-ல் மலேசியாவில் தொடங்கியது. ஈரான் பெண்கள் அணி கேப்டன் நிலூபர் அர்தலான். ஆனால் கோப்பை வாங்கும்போது கேப்டன் அங்கே இல்லை. மகன் பள்ளிக்கூடம் போகும் முதல் நாளில் தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி, பாஸ்போர்ட் புதுப்பிக்க கணவர் சம்மதம் தரவில்லை. அந்த நாட்டு சட்டப்படி கணவர் சம்மதம் இல்லாமல் மனைவி வெளிநாடு போக முடியாது.

கேப்டன் இல்லாமலே அணி ஜெயித்தது. விஷயம் உலகம் முழுக்க பரவி, சில வாரம் கழித்து குவாத்தமாலா நாட்டில் நடந்த போட்டிக்கு அதிகாரிகளின் தனி அனுமதியோடு நிலூபர் போனார்.

சென்னைக்கு வந்த ரொனால்டினோ

நம்ம தமிழ்நாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2016 ஜூலையில் ‘பிரீமியர் புட்சால்’ என்ற லீக், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில்தான் தொடங்கியது. பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோ கோவா அணிக்கு ஆடி, ஒரே ஆட்டத்தில் 5 கோல் போட்டார். சென்னை அணிக்கு வந்தவர் புட்சால் மன்னன் என்று பேர் எடுத்த பிரேசிலின் பல்காவ். பாட்டுக்கு ஏ.ஆர்.ரகுமான், விளம்பரத்துக்கு விராட் கோலி.

எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை. 2017-ல் இரண்டாவது சீசனோடு பேச்சு அடங்கி விட்டது. வந்தவர்கள் போய் விட்டார்கள். நம்ம பையன்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டால் போட்டோதான்.

சென்னையில் ஆடிய அதே பல்காவ், இரண்டே மாதத்தில் கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையில் ஈரானை சந்தித்தார். பெனால்டியில் பிரேசில் அவுட். அது பல்காவின் கடைசி உலகக் கோப்பை என்று தெரிந்த ஈரான் வீரர்கள், எதிரணி ஆள் என்றும் பார்க்காமல் அவரை தூக்கிப் போட்டு பிடித்து மரியாதை செய்தார்கள். ஈரான் அந்த உலகக் கோப்பையில் 3-வது இடம்.

இந்தியாவின் முதல் வெற்றி

இந்திய சம்மேளனம் கிளப் அணிகளுக்கான தேசிய புட்சால் போட்டியை 2021-ல்தான் ஆரம்பித்தது. முதல் கோப்பை டெல்லி எப்.சி.க்கு. அதில் இருந்து ஆள் எடுத்து உருவானதுதான் தேசிய அணி. 2023 அக்டோபரில் தஜிகிஸ்தானில் நடந்த ஆசிய தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. 2025 செப்டம்பரில் குவைத்தில் மங்கோலியாவை 3-0 என்று வென்றது. தகுதிச்சுற்றில் இந்தியாவின் முதல் வெற்றி அது. பிரதான சுற்றுக்கு போக அது போதவில்லை. அப்போது அணிக்கு பயிற்சி கொடுத்தவர் ரெசா கோர்டி. எந்த நாட்டுக்காரர் என்று சொல்லவா வேண்டும்? ஈரான்தான்!

இடம் கிடைத்தால் நம்ம பக்கத்து பிள்ளைகள் சளைத்தவர்கள் இல்லை. பக்கத்து ஊரான கோவில்பட்டி ஹாக்கியில் பேர் எடுத்த ஊர். அங்கே இருந்து போன மாரீஸ்வரன் சக்திவேல், 2022 ஆசிய கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஆடினார்.

புட்சாலுக்கு பெரிய மைதானம்கூட தேவை இல்லை. பள்ளிக்கூடங்களில் ஆடும் ஹேண்ட்பால் கோர்ட்டும் இதே 40-க்கு 20 மீட்டர்தான். கோல் கம்பமும் அதே 3-க்கு 2. கூரை பிறகு போட்டுக் கொள்ளலாம். பழகிப் பார்க்க வழவழப்பான சிமெண்ட் தரையும், துள்ளாத பந்து ஒன்றும் இருந்தால் ஆட்டம் ரெடி. சாக்கடையில் பந்து விழும் கவலையும் இல்லை.