எண்டோமெட்ரியோசிஸ்: நம் பெண்கள் பேசாமல் சுமக்கும் நோய்

மாதவிடாய் நாட்களில் கொஞ்சம் வயிறு வலிப்பது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் மாதாமாதம் இரண்டு மூன்று நாள் எழும்ப முடியாமல், பாடசாலைக்கோ வேலைக்கோ போக முடியாமல், பனடோல் குடித்தும் குறையாமல் வலித்தால் அதைச் சாதாரண வலி என்று விட்டுவிடக் கூடாது. அதற்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருக்கலாம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு இந்த நோய் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. நம் வீடுகளில் உம்மாவும் மகளும்கூட இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்பக்கத்தில் ஒரு படலம் இருக்கிறது. மாதாமாதம் அது தடித்து, பின்பு இரத்தத்தோடு வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அந்தத் திசுவும் ஹோர்மோன்களுக்கு ஏற்ப வீங்கி இரத்தம் கசிகிறது. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழியில்லை. அதனால் உள்ளே அழற்சி உண்டாகிறது, தழும்பு விழுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் கட்டியை அதன் நிறத்தை வைத்துச் சொக்லேட் கட்டி என்கிறார்கள்.

கடுமையான மாதவிடாய் வலி மட்டுமே இதன் அறிகுறி அல்ல. இடைப்பட்ட நாட்களிலும் அடிவயிறு வலிப்பது, மலசலம் கழிக்கும்போதும் தாம்பத்திய உறவின்போதும் வலிப்பது, வயிறு ஊதுவது, தீராத களைப்பு, கர்ப்பம் தங்கத் தாமதமாவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல, தொற்றுநோயும் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 வீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. 30 ஆசிரியைகள் உள்ள ஒரு பாடசாலையில் மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோயைக் கண்டுபிடிக்கவே பொதுவாக 4 முதல் 12 வருடங்கள் ஆகின்றன. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பிரபலமான பத்மா லக்ஷ்மிக்கு 13 வயதில் தொடங்கிய வலியின் காரணம் 36 வயதில்தான் தெரியவந்தது. பணமும் வசதியும் உள்ள நாட்டிலேயே அந்த நிலை. பின்பு 2009இல் இந்த நோய்க்காக ஓர் அமைப்பை அவர் ஒரு வைத்தியரோடு சேர்ந்து தொடங்கினார்.

எனக்கு 22 வயதில், ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது வலி கடுமையானது. காட்டிய டொக்டர் ஒருவர், கலியாணம் முடித்தால் சரியாகும் என்றார். முடித்தேன், சரியாகவில்லை. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். கர்ப்ப காலத்தில் குறைந்த வலி பின்பு திரும்பி வந்தது. 33 வயதில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கெமரா மூலம் பார்க்கும் லெப்ரஸ்கோபியில்தான் நோய் உறுதியானது. கட்டியை அகற்றினார்கள். மூன்று வருடங்களில் வலி மறுபடியும் தொடங்கியது. இந்த நோயை அடியோடு இல்லாமலாக்கும் மருந்து இன்னும் இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அது திரும்பி வரலாம். ஆகவே வருடக்கணக்கில் நம்மைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு வைத்தியரும், அதைப் புரிந்துகொள்ளும் ஒரு குடும்பமும் நமக்கு வேண்டும். அந்த உதவியைப் பெறுவதற்குத் தேவையான சில விடயங்கள் நம் பெண்களிடம் ஏற்கனவே இருக்கின்றன.

முதலாவது, நாட்களைக் கணக்கு வைக்கும் பழக்கம். தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் நம் பெண்கள் ஹைழ் நாட்களை எண்ணித்தான் வருகிறார்கள். அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை நாள், வலி பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை குடித்தீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் டொக்டருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். மூன்று மாதக் குறிப்பைக் கையில் கொடுத்தால் அந்த ஐந்து நிமிடமும் வீணாகாது.

இரண்டாவது, ஹோர்மோன் மாத்திரை. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை குடிப்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். அதே வகை மாத்திரைகள்தான் இந்த நோய்க்கும் கொடுக்கப்படுகின்றன. ஆனால் வலியால் துடிக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தால், "கருப்பை பழுதாகிவிடும்", "இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாத்திரைகளால் கருப்பை பழுதாவதில்லை. நிறுத்தினால் மாதவிடாய் திரும்பிவிடும். ஒன்று மட்டும் கவனம்: எல்லா மாத்திரையும் எல்லோருக்கும் பொருந்தாது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிக் குடிக்கக் கூடாது.

மூன்றாவது, கேட்கும் துணிவு. மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் அவ்வப்போது இரத்தம் கசியலாம். தொழுவதா விடுவதா என்ற குழப்பத்திலேயே மருந்தை நிறுத்திய பெண்களை நான் அறிவேன். நிற்காத உதிரப்போக்கைப் பற்றி பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள், விளக்கமும் பெற்றார்கள். இஸ்திஹாழா பற்றிய சட்டங்களுக்கு அந்தக் கேள்வி ஓர் அடிப்படை. அப்படியிருக்க நாம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. திகதிக் கொப்பியோடு நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடமோ ஆலிமா ஒருவரிடமோ கேளுங்கள். டொக்டரிடமும் சொல்லுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டிய மாத்திரையை நோன்பு காலத்தில் சஹருக்கோ நோன்பு துறக்கும் நேரத்துக்கோ மாற்றலாமா என்று ரமழானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? உங்கள் பிரதேசக் குடும்ப நல உத்தியோகத்தரிடமிருந்து தொடங்கலாம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை ஆகியவற்றில் பெண்நோயியல் கிளினிக் பற்றி விசாரியுங்கள். நாம் விஓஜி என்று சொல்லும் டொக்டர்தான் இதற்குரிய நிபுணர். தேவையானால் அவர்கள் கண்டிக்கோ பேராதனைக்கோ கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

கலியாணம் முடிக்காத பிள்ளைகளுக்கு உள்ளே கருவி வைத்து ஸ்கேன் செய்வார்களோ என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். அதைச் சொன்னால் வயிற்றின் மேலாலேயே ஸ்கேன் செய்வார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. லெப்ரஸ்கோபி செய்யாமலே, அறிகுறிகளை வைத்து மருந்து தொடங்கலாம் என்று ஐரோப்பிய வைத்தியச் சங்கமொன்றின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லையென்றால் பெண் தாதி ஒருவர் கூட இருக்கும்படி கேட்கலாம். தேவையின்போது ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சல், மயக்கம், அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

என் பாடசாலைப் பிள்ளைகளின் அம்மாமார் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர், கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. மலையில் மலசலகூடமும் இல்லாத இடங்களில் அவர்கள் இந்த வலியோடு கொழுந்துக் கூடையைச் சுமக்கிறார்கள். சம்பளத்தோடு லீவு கிடைக்கும் என்னைப் போன்றவர்கள் பேசினால்தான் அவர்களுக்கும் ஒரு வழி பிறக்கும்.

கணவன்மாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தாமதமானால் அதைப் பெண்ணின் குறையாகப் பேசாதீர்கள். இந்த நோயுள்ள பலர் தாயாகியிருக்கிறார்கள். கிளினிக் நாளில் கூடப் போங்கள், டொக்டர் சொல்வதை நீங்களும் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெண்களுக்கான பயான் நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தரை அழைத்து ஒரு மணித்தியாலம் பேச வைக்கலாம். செலவில்லாத காரியம். அடுத்த மாத நிகழ்ச்சியிலேயே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.