கப் அடிச்சவருக்கே ‘கப்’ விழுந்த கதை!

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படை ஏழு வருஷத்துக்கும் மேல மல்லுக்கட்டிச்சு. 1698-லதான் கோட்டை கை மாறிச்சு. ஆனா, ஒரு ஃபுட்பால் ஸ்ட்ரைக்கரோட இடம் கை மாற அவ்வளவு நாளெல்லாம் வேணாம் பாஸ்... ஒரே ஒரு சீசன் போதும்!

நம்பலையா? ஜெஜே லால்பெக்லுவா கதையைக் கேளுங்க.

மிசோரம்ல நாத்தியால்னு ஒரு சின்ன ஊர். அங்கே 1991-ல பிறந்த ஜெஜே, 2014-ல ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்பவே சென்னையின் எஃப்.சி.க்கு ஆட வந்துட்டார். ரசிகர்கள் வெச்ச பட்டப்பேர் ‘மிசோ ஸ்னைப்பர்’. குறி வெச்சா தப்பாதுனு அர்த்தம்!

வெளிநாட்டு ஸ்டார்களுக்கு நடுவுல...

அப்போ ஒரு டீம்ல ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரைக்கும் களத்துல இறங்கலாம். கோல் அடிக்கிற இடத்துக்குத்தான் முதல்ல அவங்களைத் தேடுவாங்க. 2014-ல சென்னையோட பிரேசில் ஸ்டார் எலானோ 8 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார். 2015-ல கொலம்பியாவோட மென்டோசா 13 கோல்! அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஜெஜே அடிச்சது முதல் வருஷம் 4, அடுத்த வருஷம் 6. மட்டராஸி கோச்சா இருந்த அந்த 2015 டீம், கோவாவை 3-2னு ஜெயிச்சு கப்பைத் தூக்குச்சு.

2016-ல 3 கோல்தான். ‘அவ்வளவுதானா?’னு கேட்டவங்களுக்கு 2017-18 சீசன்ல பதில் கிடைச்சது. மொத்தம் 9 கோல்! கோவாவுக்கு எதிரா சென்னை நேரு ஸ்டேடியத்துல செமி ஃபைனல் செகண்ட் லெக். ஜெஜே ரெண்டு, நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் ஒண்ணு... 3-0! அப்புறம் ஃபைனல்ல பெங்களூரை அதோட சொந்த ஊர்லயே 3-2னு சாய்ச்சு ரெண்டாவது கப்.

அடுத்த சீசன்... தொபுக்கடீர்!

2018-19. சாம்பியன் டீம் 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டுதான் ஜெயிச்சது. டேபிள்ல கடைசி இடம். ஜெஜே கணக்குல? ஐ.எஸ்.எல்.ல ஒரே ஒரு கோல்! நம்ம இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, கப் அடிச்சவருக்கு அடுத்த செமஸ்டர்லயே ‘கப்’ விழுந்துடுச்சு.

கேலரியில உட்கார்ந்து திட்டறது ஈஸி. ஆனா, நடுக்களத்துலேர்ந்து பந்து ஒழுங்கா வந்தாதானே ஸ்ட்ரைக்கர் அடிக்க முடியும்? மொத்த டீமும் ஃபெயில் ஆனாலும், ‘எத்தனை கோல்?’னு கேள்வி வர்றது இவருக்கு மட்டும்தான்!

இப்போதான் ட்விஸ்ட். அதே சீசனுக்கு நடுவுல, 2019 ஜனவரி 6. அபுதாபியில ஆசியக் கோப்பை, எதிர்ல தாய்லாந்து. கடைசி கட்டத்துல மாற்று ஆட்டக்காரரா இறங்கின ஜெஜே, கொஞ்ச நேரத்துலயே கோல் போட்டார். இந்தியா 4-1! 1964-க்கு அப்புறம் ஆசியக் கோப்பையில நமக்குக் கிடைச்ச முதல் வெற்றி அது. அதே கால், அதே ஆள்!

முட்டி கொடுத்த அடி

அதுக்கப்புறம் முட்டியில காயம், ஆபரேஷன். 2019-20 சீசன் முழுக்க அவுட். அவர் இல்லாத டீம்ல லிதுவேனியாவோட வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்க, சென்னை ஃபைனல் வரைக்கும் போச்சு. 2020-ல ஜெஜே ஈஸ்ட் பெங்காலுக்குக் கிளம்பிட்டார். ஐ.எஸ்.எல்.ல சென்னைக்காக அவர் அடிச்சது மொத்தம் 23 கோல்.

கதை முடிஞ்சதுனு நினைச்சீங்களா? 2023 நவம்பர்ல மிசோரம் சட்டமன்றத் தேர்தல். தெற்கு துய்புய் தொகுதியில, அப்போ சுகாதார அமைச்சரா இருந்தவரையே தோற்கடிச்சு எம்.எல்.ஏ. ஆகிட்டார் ஜெஜே!

அடுத்த மேட்ச்ல கோல் மிஸ் பண்ற ஸ்ட்ரைக்கரைக் கலாய்ச்சு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி, ஒரு செகண்ட் அந்த அபுதாபி மேட்ச்சை நினைச்சுக்கங்க. அப்படியே, கப் வெச்சதுக்காக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற உங்க கிளாஸ்மேட்டையும்!