சைக்கிளை விக்காதீங்க... சீட்டை ஏத்திப் பாருங்க!

மாடிப்படி இறங்கினால் முழங்காலில் குத்துகிறது. சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கினால் நாலு எட்டு நொண்ட வேண்டியிருக்கிறது. உடனே நாம் என்ன முடிவு கட்டுகிறோம்? 'வயசாயிடுச்சு, இனிமே சைக்கிளெல்லாம் சரிப்படாது!' சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். ஒரு வருடம் கழித்துப் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும்.

கொஞ்சம் பொறுங்கள். கோளாறு முழங்காலில் இல்லாமல் சைக்கிளில் இருக்கலாம். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒரு நோயாளிதான் சொல்லித் தந்தார்.

அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததே, அப்போது பழகியவர்.

"முப்பது வருஷமா இந்தச் சைக்கிள்தான் டாக்டர் எனக்குக் கால். மார்க்கெட்டோ, பேங்க்கோ, யாரையும் 'கொண்டுபோய் விடு'ன்னு கேட்டதில்லை. இப்ப பையன் 'வித்துடலாம்மா'ங்கறான்" என்று கண் கலங்கினார்.

நானும் வாதம் என்று முடிவு செய்து, தேய்க்க வாதகேசரி தைலம் கொடுத்தேன். நொச்சி இலை ஒத்தடம் சொன்னேன். இரண்டு நாள் குறையும்; சைக்கிளைத் தொட்டால் மறுபடி வலி. இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் நானே, "கொஞ்ச காலம் சைக்கிளை விட்டுடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

வாசலில் அவர் சைக்கிளில் ஏறிப் போவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கி மேலே வந்தது! கூப்பிட்டு விசாரித்தேன்.

"இது பையன் வாங்கிக் கொடுத்த புது சைக்கிள் டாக்டர். 'கால் நல்லா தரையில ஊணணும்மா, அப்பத்தான் பயமில்லை'ன்னு கடைக்காரர் சீட்டை இறக்கிக் கொடுத்தார்."

வலி தொடங்கியது எப்போது? புது சைக்கிள் வந்து ஒரு மாதத்தில். காரணத்தைத் தேடாமல் மருந்து கொடுக்காதே என்பது கல்லூரியில் எங்களுக்குச் சொன்ன பாடம். இரண்டு மாதமாக இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை!

சீட் தாழ்ந்தால் என்ன ஆகும்?

முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய நிலையில் அழுத்தி மிதிக்கும்போது முழங்கால் சில்லு, தொடை எலும்பின் மேல் பலமாக அழுந்தும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் இருபது நிமிடத்தில் ஒவ்வொரு காலும் 1,200 தடவை இப்படி அழுந்துகிறது. தைலம் என்ன செய்யும், பாவம்!

குதிகால் கணக்கு

ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தானே மிதிப்போம்? அப்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை லேசான மடிப்பு இருக்கும். அதுதான் தேவை.

ஆனால் இது தொடக்கம்தான். மீதியை உங்கள் உடம்புதான் சொல்லும்.

டீச்சருக்கு ஒரே நாளில் சீட்டை ஏற்றினோம். கால் தரைக்கு எட்டவில்லை என்று பயந்துபோனார். பழையபடி இறக்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை அரை அங்குலமாக ஏற்றினோம். நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகினார். முன்பக்க வலி குறைந்தது. 'இன்னும் கொஞ்சம்' என்று அவரே ஏற்றினார். முழங்காலின் பின்பக்கம் இழுத்தது. கொஞ்சம் இறக்கினார், சரியானது. அடுத்து விரல் மரத்தது. பார்த்தால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கையில்! மட்டமாக்கினோம், அதுவும் போயிற்று. எல்லாம் சேர்ந்து ஐந்து வாரம். செலவு, ஒரு ஸ்பேனர்.

எங்கே வலி? எதைப் பார்க்கணும்?

* முழங்காலின் முன்பக்கம்: சீட் தாழ்வாக இருக்கலாம்.
* முழங்காலின் பின்பக்கம், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடுவது: சீட் அதிக உயரம்.
* சுண்டுவிரல், மோதிர விரல் மரத்தல்: கையில் பாரம் அதிகம். சீட்டின் சாய்வையும் ஹேண்டில்பாரின் உயரத்தையும் பாருங்கள்.
* கழுத்து, முதுகு: ஹேண்டில்பார் மிகத் தாழ்வு, அல்லது எட்டாத தூரம்.
* உட்காரும் இடத்தில் மரத்தல்: சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கலாம், சீட்டின் அகலம் பொருந்தாமலும் இருக்கலாம். இடையிடையே எழுந்து நின்று மிதியுங்கள்.

பத்தியம் போல நாலு விதிகள்

ஒன்று, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது குணம் தந்தது என்றே தெரியாது.

இரண்டு, மாற்றும் முன் பழைய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சரிப்படாவிட்டால் திரும்பி வர வழி வேண்டாமா?

மூன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நாலு நாள், அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

நான்கு, சீட் குழாயில் எல்லைக் கோடு இருந்தால் அது வெளியே தெரியும்படி ஏற்றாதீர்கள். குழாய் முறியக்கூடும்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? 'வளர்ற பையன்தானே' என்று பெரிய சைக்கிளாக வாங்கி எட்டி எட்டி மிதிக்க விடாதீர்கள். சரியான அளவில் வாங்கியதிலும், ஒவ்வொரு பள்ளிப் பருவத்துக்கும் ஒரு முறை சீட்டைச் சரிபாருங்கள்.

எல்லா வலிக்கும் ஸ்பேனர் மருந்தல்ல. முழங்கால் வீங்கி சூடாக இருந்தால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், மரத்துப்போவது இறங்கிய பிறகும் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது சைக்கிளைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம், என்னைப் போல!

போன வாரம் டீச்சர் வந்திருந்தார், சைக்கிளில்தான். "தைலம் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி பாட்டில் அப்படியே இருக்கு டாக்டர். பையனுக்குத்தான் முதுகு வலியாம். அவன் சைக்கிளையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்!"