அஞ்சு வருஷ வாரன்ட்டியும் அப்பாவோட துணியும்: செராமிக் கோட்டிங் நிஜமா எவ்வளவு நாள் தாங்கும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சண்டையில ஆரம்பிக்குது. எனக்கும் எங்க அப்பாவுக்கும்.

அப்பா கும்மிடிப்பூண்டியில ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்த பணத்துல ஒரு கார் வாங்கினார். வாழ்க்கையில முதல் கார், கருநீலக் கலர். "வெயில்ல பெயிண்ட் பாழாயிடும்ப்பா, செராமிக் கோட்டிங் போட்டுடலாம்"னு சொன்னது நான்தான். 22,000 ரூபாய். கடையில குடுத்த அட்டையில "5 வருஷ வாரன்ட்டி, 9ஹெச் ஹார்ட்னஸ்"னு தங்கக் கலர்ல அச்சடிச்சிருந்தது.

பதினாலு மாசம் கழிச்சு ஐப்பசி மழை. பானட்ல தண்ணி முத்து முத்தா உருளணும். உருளல, சப்புன்னு படிஞ்சு நிக்குது. கடைக்குப் போனா, "கோட்டிங் போயிடுச்சு சார், டாப் கோட் போடணும், 9,000 ஆகும்"ங்கிறாங்க. வாரன்ட்டி என்ன ஆச்சுன்னு கேட்டா, "ஆறு மாசத்துக்கு ஒருதடவை மெயின்டனன்ஸுக்கு வரலையே சார்". அப்பா கடைக்காரரை ஒண்ணும் சொல்லல. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வைக்குப் பதில்தான் இந்த எபிசோடு. "அஞ்சு வருஷம்"னு யார் சோதிச்சாங்க? எப்படிச் சோதிச்சாங்க? நம்ம ஊர்ல அது செல்லுமா?

முதல்ல, கார் மேல என்ன இருக்கு?

எங்க வீடு மணவாள நகர். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குத் தெற்குப் பக்கம். இங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற அதிகத்தூர் தொழிற்சாலையிலதான் 1998-ல மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பிச்சது. இப்போ அங்கே சிட்ரோயன் சி3 வருது. எந்தக் கார் தொழிற்சாலையா இருந்தாலும் பெயிண்ட் அடுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். இரும்புத் தகடு மேல துருவைத் தடுக்கிற பூச்சு, அதுமேல பிரைமர், அதுமேல கலர், கடைசியா கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து 100-லேர்ந்து 140 மைக்ரான். நம்ம தலைமுடி கனம் சுமார் 70 மைக்ரான். அதாவது ரெண்டு முடி கனத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அதுல கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் பக்கம்.

செராமிக் கோட்டிங் இதுக்கு மேல வர்ற சிலிக்கா அடிப்படையிலான ஒரு மெல்லிய படலம். ரெண்டு மைக்ரான் இருந்தாலே அதிகம். கடையில பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டரை வெச்சு "பாருங்க சார், கோட்டிங் ஏறியிருக்கு"ன்னு காட்டினா நம்பிடாதீங்க. அந்த மீட்டரோட பிழையே ஒரு மைக்ரானுக்கு மேல வரும். ஒரே பானட்ல இடத்துக்கு இடம் பெயிண்ட் கனம் அதைவிட அதிகமாவே மாறும்.

9ஹெச்ங்கிறது பென்சில்

பல பேர் இதை வைரம் 10, இது 9னு நினைச்சுக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். வைரத்துக்கு 10 குடுக்கிறது மோஸ் அளவுகோல். இது டிராயிங் பென்சிலோட 9ஹெச். ஐஎஸ்ஓ 15184னு ஒரு சோதனை. பென்சிலை 45 டிகிரி சாய்ச்சு, 750 கிராம் எடையில தள்ளிப் பார்ப்பாங்க. எந்தப் பென்சில் கீறல, அதுதான் மார்க். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும்தான். நம்ம ரோட்டுத் தூசியில இருக்கிற குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவுல 7. எவ்வளவு பெரிய 9ஹெச் பென்சிலும் அது முன்னாடி ஒண்ணுமில்ல.

இன்னொரு விஷயம், கண்ணாடி மேல பூசி டெஸ்ட் பண்ணினா வர்ற மார்க் வேற, கார் பெயிண்ட் மேல வர்ற மார்க் வேற. மெத்தை மேல அப்பளத்தை வெச்சு அழுத்துற மாதிரி. அப்பளம் கெட்டியா இருக்கலாம், கீழே மெத்தை அமுங்குமே.

அஞ்சு வருஷத்தை லேப்ல சுருக்குறது

அஞ்சு வருஷம் காத்திருந்து ஒரு பொருளை விற்க முடியாது. அதனால சுருக்குறாங்க. நம்ம லோடு டெஸ்ட் பண்ற மாதிரிதான்.

வெயிலுக்கு: செனான் விளக்கு இருக்கிற பெட்டி. வெளிச்சம், இருட்டு, சூடு, தண்ணி தெளிப்புன்னு மாத்தி மாத்தி ஆயிரக்கணக்கான மணி நேரம். கார் பெயிண்டுக்கு எஸ்ஏஇ ஜே2527ங்கிற முறை பிரபலம்.

துருவுக்கு: உப்பு மூட்டப் பெட்டி. 5 சதவீத உப்புத் தண்ணியை 35 டிகிரியில பனி மாதிரி தெளிப்பாங்க. இந்த முறை முதல்ல 1939-லயே அமெரிக்கத் தர நெறியா வந்தது. ஆனா இது சோதிக்கிறது அடியில இருக்கிற பெயிண்ட்டோட திறமையைத்தான். நல்ல பெயிண்ட் மேல கோட்டிங் பூசி "ஆயிரம் மணி நேரம் தாங்குச்சு"ன்னா, கோட்டிங் இல்லாமலும் அது தாங்கியிருக்கலாம்.

கீறலுக்கு: ஐஎஸ்ஓ 20566. சின்ன கார் வாஷ் பிரஷ், தண்ணியில குவார்ட்ஸ் பொடி கலந்து, தகட்டை அடியில முன்னும் பின்னும் ஓட்டுவாங்க. முன்ன பின்ன பளபளப்பு எவ்வளவுன்னு அளப்பாங்க. நமக்கு ரொம்ப உபயோகமான டெஸ்ட் இதுதான். விளம்பரத்துல கண்ணுல படாத டெஸ்ட்டும் இதுதான்.

இதுல சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு பெட்டியும் ஒரே ஒரு எதிரியைத்தான் அனுப்பும். நிஜத்துல எல்லாம் சேர்ந்து வரும். பெட்டியில இத்தனை மணி நேரம்னா வெளியில இத்தனை வருஷம்னு எல்லா ஊருக்கும் பொருந்துற கணக்கும் கிடையாது. ஸ்டேஜிங்ல ஓடினது புரொடக்ஷன்ல விழுறது நமக்குப் புதுசா என்ன?

அதான் வெட்டவெளியில வைக்கிறாங்க

பெயிண்ட் தொழில்ல உலகமே நம்புற ஊர் அமெரிக்காவுல தெற்கு ஃப்ளோரிடா. வெயில், ஈரம், உஷ்ணம் மூணும் சேர்ந்து வருது. தகடுகளைத் தெற்கு பார்த்து, லேசா 5 டிகிரி சாய்ச்சு வருஷக்கணக்குல விட்டுடுவாங்க. அதே மாநிலத்துல வடக்கே ஜாக்சன்வில். காத்துல அமிலம் கலந்த ஊர். அங்க கோடையில தகடு வெச்சா, அமிலப் பனித்துளி வெயில்ல வத்தி வத்தி வீரியம் ஏறி, கிளியர் கோட்டையே அரிச்சுடும். அதைப் பார்க்கிறதுக்குன்னே அங்க கொண்டுபோய் வைப்பாங்க.

நம்ம ஊர்லயும் இந்த மரபு இருக்கு. காரைக்குடி சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் குடுத்து, 1948-ல அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்த ஆராய்ச்சி நிறுவனம். அவங்களுக்கு மண்டபத்துல கடலோரமா ஒரு சோதனை நிலையம் இருக்கு. தகடுகளை உப்புக் காத்துல காயப்போட்டு, எது எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்கிற இடம். லேப் பக்கத்துலயே இருந்தும் ஏன் மண்டபம் போறாங்க? ஊர் மாறினா விடையும் மாறுது, அதான்.

அப்போ மணவாள நகரோட விடை என்ன?

மொட்டை மாடி லேப்

"பணம் கட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கப்பா"ன்னு கேட்டேன். காயலான் கடையில ஒரு பழைய பானட் வாங்கி, டிங்கரிங் பட்டறையில பாலிஷ் போட்டு, மொட்டை மாடியில தெற்கு பார்த்துச் சாய்ச்சு வெச்சேன். மாஸ்கிங் டேப் ஒட்டி அஞ்சு கட்டம். ஒண்ணு வெறும் பெயிண்ட். ஒண்ணு மெழுகு. ஒண்ணு ஸ்ப்ரே சீலன்ட். மீதி ரெண்டும் ஒரே செராமிக் கோட்டிங். வாரம் ஒருதடவை எல்லாத்துக்கும் ஒரே ஷாம்பு, ஒரே போர் தண்ணி. ஒரே ஒரு வித்தியாசம்: கடைசிக் கட்டத்தை மட்டும் தினமும் காலையில உலர்ந்த துணியால துடைச்சேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பங்குனியில ஆரம்பிச்சேன். அக்னி நட்சத்திரம் முடியுறதுக்குள்ள மெழுகு போயிடுச்சு. ஆடி வரைக்கும் ஸ்ப்ரே தாக்குப் பிடிச்சுது. செராமிக் ரெண்டும் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் மெதுவா ரெண்டுலயும் தண்ணி உருளுறது நின்னுச்சு. ஐப்பசி வந்தப்போ, அப்பா கார்ல பார்த்த அதே காட்சி. "செத்துப் போச்சு"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் ஒரு பழக்க தோஷம். சர்வர் பதில் சொல்லலைன்னா செத்துட்டதாத்தான் அர்த்தமா? நடுவுல ஏதாவது அடைச்சிருக்கலாமே!

முத்து உருளலைன்னா என்ன அர்த்தம்?

தாமரை இலைத் தண்ணீர்னு சொல்றோமே, அதுல துளி கிட்டத்தட்ட முழு உருண்டையா நிக்கும். துளி இலையைத் தொடுற கோணம் 150 டிகிரிக்கு மேல. செராமிக் கோட்டிங்ல 100, 110 பக்கம்தான். இந்தக் கோணம் சொல்றது மேற்பரப்போட கடைசி அடுக்கைப் பத்தி மட்டும். அதுமேல அழுக்கு ஏறினா தண்ணி அழுக்கைத்தான் தொடும், கோட்டிங்கைத் தொடாது.

எங்க வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ரெண்டே தெரு. ரயில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்துலேர்ந்து பறக்கிற இரும்புத் துகள் பெயிண்ட்ல குத்திக்கிட்டு உட்காரும். ஷாம்புக்கு வராது. அதுக்குன்னு ஒரு இரும்பு நீக்கி இருக்கு. அழுகின முட்டை வாடை. தெளிச்சா இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமா வழியும். பானட் மேல தெளிச்சேன், மழை பெய்ஞ்ச மாதிரி ஊதா. அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "இது இரும்புதானேடா, மில்லுல பார்க்காததா"ன்னார்.

அடுத்து போர் தண்ணி விட்ட சுண்ணாம்புக் கறை. தண்ணி கலந்த வெள்ளை வினிகரை நிழல்ல வெச்சுத் தடவி, உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவினேன். முத்தா உருளுற துளி அந்த இடத்துலயே காய்ஞ்சா வட்டக் கறை விடும். கோட்டிங் போட்ட கார்ல இந்தத் தொல்லை அதிகமாவே இருக்கும். விளம்பரத்துல இதையும் சொல்ல மாட்டாங்க.

கழுவிட்டு மறுபடி தண்ணி ஊத்தினேன். நாலாவது கட்டத்துல முத்து முத்தா உருளுது! சாகவே இல்ல, அடைச்சிருந்தது. அஞ்சாவது கட்டத்துல, தினமும் உலர்ந்த துணியால துடைச்சேனே அதுல, திரும்பி வரவே இல்ல. வெளிச்சத்துல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கீறல்.

இப்போ அந்தத் துணிக் கதை. எங்க அப்பா தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு பழைய பனியன் துணியை எடுத்துட்டுப் போய்க் காரைத் துடைப்பார். அவருக்கு அது பூஜை மாதிரி. ராத்திரி படிஞ்ச மணல் தூசியை அந்தத் துணி அப்படியே பெயிண்ட் மேல தேய்க்கும். லேப்ல குவார்ட்ஸ் பொடி போட்டுப் பண்றாங்களே அதே டெஸ்ட், வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு தடவை.

காரையும் அதே மாதிரி கழுவினோம். கூரை, பின்பக்கம், பானட்டோட பெரும்பகுதி உயிரோட வந்துடுச்சு. டிரைவர் பக்கக் கதவும் பானட் விளிம்பும் வரல. அவர் கை அதிகமா போன இடம். 9,000 கட்டல.

அப்போ நீங்க என்ன பண்ணணும்?

கோட்டிங் போடப் போறீங்கன்னா மூணு கேள்வி கேளுங்க. எந்த டெஸ்ட்? கண்ணாடி மேலயா, கார் பெயிண்ட் மேலயா? பூசாத தகடு பக்கத்துல இருந்துச்சா? பதில் இல்லைன்னா "5 வருஷம்"ங்கிறது வெறும் வியாபார வாக்கு. வாரன்ட்டி அட்டையில பறவை எச்சம், தண்ணிக் கறை எல்லாம் விலக்கா இருக்கான்னு பாருங்க. பல அட்டைகள்ல இருக்கும்.

ஏற்கெனவே போட்டிருக்கீங்கன்னா, தண்ணி உருளலைன்னு உடனே காசு கட்டாதீங்க. முதல்ல இரும்பை எடுங்க, சுண்ணாம்பை எடுங்க, அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க. தூசியை எப்பவும் தண்ணி விட்டு இறக்கிட்டுத்தான் துணி வைங்க.

அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொல்லவே வேண்டியதில்ல. அந்த ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டினேன். அஞ்சு நிமிஷம் பேசல. மறுநாள் காலையில ஆறு மணிக்குப் பார்த்தா, கையில துணிக்குப் பதிலா பக்கெட்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. உங்க வீட்டு மாடியிலயும் ஒரு தகடு காயட்டும்.