ஜிம் போன மறுநாள் உடம்பு வலி: மாத்திரை போட்டால் சரியாகுமா?

நேற்று ஜிம்மில் ஸ்குவாட்ஸ். இன்று படி இறங்கினாலே 'அய்யோ அம்மா!' உடனே வைட்டமின் டப்பாவைத் தேடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

கடும் பயிற்சியில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமடைகின்றன. அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் வேலைதான் அழற்சி. வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், தானாகவே குறையும்.

பயிற்சியில் உருவாகும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள், 'இன்னும் வலுவாகு' என்று தசைக்குச் சொல்லும் சிக்னல். அதிக டோஸ் வைட்டமின் சி, ஈ அந்தச் சிக்னலையே மட்டுப்படுத்தலாம். 2014-ல் வெளியான நார்வே ஆய்வில் 11 வாரம் தினமும் 1,000 மி.கி. சி, 235 மி.கி. ஈ எடுத்தவர்களின் ஓட்டத்திறன் மற்றவர்களைப் போலவே கூடியது. ஆனால், தசை செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகும் அடையாளங்கள் கூடவில்லை.

சரி, மஞ்சள் பால்? குர்குமின் வலியை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் தரப்பட்டது செறிவூட்டிய மாத்திரை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3% தான்.

முட்டை, பருப்பு, நல்ல தூக்கம், படிப்படியாகக் கூட்டும் எடை: முதலில் இதைப் பிடிங்க.

கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் எந்த டப்பாவையும் திறக்காதீங்க. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க.